இல்லாத கையில் ஈரப் பஞ்சு

புதுக் கிளினிக்கில் கோச்சிச் சத்தம் கேட்பதில்லை. ரெயிலை நாங்கள் கோச்சி என்போம். தெஹிவளையில் மாடிக் கட்டடம், கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, சுவரில் சீனத்து மலைப் படம். வெள்ளவத்தையில் கடலுக்குப் போகிற ஒழுங்கையில் எங்கள் பழைய கிளினிக் இருந்த வீட்டை இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது அடுக்குமாடி பிளட்ஸ் எழும்புகிறது.

திறப்பு நாளுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டால் கேக் தின்றுவிட்டுச் சும்மா இருப்பாளா? இளம் தாதிப் பிள்ளை ஒன்று, நோயாளி ஒருவருக்கு ஊசி போட ஆயத்தம் செய்வதைக் கண்டதும் என் கை துருதுருத்தது. "தாங்கோ பிள்ளை, நான் துடைச்சு விடுறன்" என்று ஸ்பிரிட் பஞ்சை வாங்கித் துடைத்தேன். துடைத்த பிறகு நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்தபடி, காதைக் கொடுத்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறேன்.

"என்ன மிஸ்ஸி, எதைப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்?"

"கோச்சி போகட்டும்" என்றேன்.

அறை முழுக்கச் சிரிப்பு. "இங்க எங்கால மிஸ்ஸி கோச்சி?" என்று நோயாளியும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடிந்ததும் அந்தப் பிள்ளைதான், "அது என்ன கதை எண்டு எழுதித் தாங்கோவன், நாங்களும் வாசிப்பம்" என்றது. வாயைக் கொடுத்தவளுக்கு இனி என்னிடமிருந்து தப்ப வழி இல்லை.

என் பெயர் பிலோமினா. கொட்டாஞ்சேனைக்காரி. தாதிமாரை இங்கே நோயாளிகள் 'மிஸ்ஸி' என்பார்கள். காலப்போக்கில் என் வீட்டாரே அப்படித்தான் கூப்பிட்டார்கள். வேலை செய்த காலம் முழுவதும் ஒரே டொக்டரிடம், ஒரே அக்குபங்சர் கிளினிக்கில் இருந்தேன். படித்த கதையைச் சுருக்கிவிடுகிறேன், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. முதலில் சவர்க்காரக் கட்டியில் குத்திப் பழகினோம். பிறகு சொந்தக் காலில். சீனாவிலிருந்து பயிற்சி தர வந்திருந்த வாத்தியாருக்கு ஆங்கிலம் குறைவு, எங்களுக்குச் சீனம் துப்புரவாக இல்லை. அவர் முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை அளந்து, பெருவிரலால் அமத்தி, எங்கள் முகத்தைப் பார்ப்பார். முகம் சுளித்தால் இடம் சரி. அவ்வளவுதான் பாடம். அந்த மனிதனுக்காக நாங்கள் சுளித்த சுளிப்பில்தான் எனக்கு இளமையிலேயே நெற்றியில் கோடு விழுந்தது என்று நினைக்கிறேன்.

டொக்டரின் பெயர் மங்களேஸ்வரி. யாழ்ப்பாணத்தவர். ஆங்கில வைத்தியம் படித்து, பிறகு சீனாவுக்குப் போய் ஊசி வைத்தியமும் கற்று வந்தவர். பருத்திச் சேலைதான் கட்டுவார். கையில் வளையல் கிடையாது. வளையல் கிலுங்கினால் ஊசி வருகிறது என்று நோயாளிக்கு முன்கூட்டியே தந்தி அடித்துவிடுமாம். காலையில் வந்ததும் ஒரு பிளேன்ரீ கேட்பார். குடிப்பதற்கில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, கை சூடேறும்வரை இருப்பார். பிறகு ஆறிப்போனதை ஒரே மிடறில் விழுங்கிவிட்டு எழும்புவார்.

"குளிர்ந்த கையால தொட்டா உடம்பு கதவைச் சாத்திப் போடும், பிலோமினா."

என்னை 'நீர்' என்றுதான் சொல்வார். ஏசும்போதும் 'நீர்' மாறாது. சத்தமும் உயராது. அதனாலேயே அந்த ஏச்சு இரண்டு நாளைக்கு வலிக்கும். நோயாளியிடம் 'பயப்படாதேங்கோ' என்று நான் சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னால் பயப்பட ஏதோ இருக்கிறது என்று நாமே எடுத்துக் கொடுக்கிற மாதிரியாம். 'கட்டாயம் மாறும்' என்றும் சொல்லக் கூடாது. ஊசியால் எல்லா வருத்தமும் தீரும் என்று பேசுகிறவர்களைக் கண்டால் டொக்டருக்குப் பற்றிக்கொண்டு வரும். நெஞ்சு நோகுது என்று வந்த ஒருவரை வாசலிலேயே திருப்பி, தானே முச்சக்கர வண்டியில் கூட ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்.

இனிக் கோச்சிக்கு வருகிறேன். எங்கள் கிளினிக் வீட்டின் பின்சுவருக்கு அப்பால் ஒரு சின்ன வளவு, அதற்கப்பால் தண்டவாளம், அதற்கப்பால் கடல். ஸ்டேஷன் பக்கத்தில் கோச்சி ஒரு ஊது ஊதும். படுத்திருக்கிற நோயாளி திடுக்கிட்டால் தசை இறுகிவிடும். இறுகின தசைக்குள் ஊசி வளையும், சிக்கும். ஆகவே யன்னல் கண்ணாடி நடுங்கத் தொடங்கியதுமே டொக்டர் ஒரு கையில் ஊசியை உயர்த்தியபடி, மற்றக் கையால் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "கோச்சி போகட்டும்" என்பார். அந்த நேரத்துக்குள் ஒரு கேள்வி. எப்போதும் ஒரே கேள்வி.

"இண்டைக்கு வீட்டில என்ன கறி?"

இரண்டு ஊசி தாங்காதவர்கள்கூட மீன் கதை என்றால் விரிவாகச் சொல்வார்கள். கோச்சி போய்விடும். "சீலா மீன் டொக்டர், ஆனா இண்டைக்கு விலை கேட்டா..." என்று அவர்கள் விலையைச் சொல்லி முடிப்பதற்குள் ஊசி ஏறியிருக்கும். ஊசியைவிட அந்தப் பிடிதான் பாதி வைத்தியம் என்று எனக்குத் தோன்றும். ஒருமுறை டொக்டரிடம் அதைச் சொல்லியும்விட்டேன். "அப்ப மற்றப் பாதியை நீர் ஒழுங்காத் துடையும்" என்றார்.

ஊசி இறங்கினதும் டொக்டர் காத்திருப்பது ஒரு சொல்லுக்கு. எப்படி இருக்கிறது என்று நோயாளி தன் வாயால் சொல்ல வேண்டும். நாம் சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாது. வெள்ளவத்தை அக்காமார் "உளையுது" என்பார்கள். கணக்காளராக இருந்து இளைப்பாறிய ஒருவர் "பாரமா இருக்கு" என்பார், ஏதோ பொறுப்பை ஒப்படைத்த மாதிரி. கொட்டாஞ்சேனைத் துறைமுக ஆட்கள் "கரண்ட் அடிக்குது டொக்டர்" என்று கத்துவார்கள். எந்தச் சொல்லும் நல்ல சொல்தான். சொல் வந்தால் ஊசி போய்ச் சேர்ந்துவிட்டது.

சூடு கொடுக்கிற வைத்தியமும் உண்டு. காய்ந்த மூலிகையைச் சுருட்டுப்போல உருட்டி, நுனியைப் பற்றவைத்து, தோலில் படாமல் கிட்டப் பிடிப்போம். அந்தப் புகையின் மணம் இருக்கிறதே, அதைப்பற்றி ஒழுங்கையில் யாரோ முறைப்பாடு செய்துவிட்டார்கள். ஒரு பொலிஸ்காரர் வந்து வாசலில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நோனா, மெதன கஞ்சாத பொன்னே?" என்று சிங்களத்தில் கேட்டார். இங்கே கஞ்சாவா குடிக்கிறீர்கள் என்று! டொக்டர் அவரை உள்ளே கூட்டிப்போய், ஒரு பாட்டியின் முழங்காலுக்கு மேல் புகைந்துகொண்டிருந்த சுருட்டைக் காட்டினார். மனிதர் குனிந்து பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். "மகே கொந்தத் ரிதெனவா, நோனா" என்றார் மெதுவாக. அவருக்கும் நாரி நோவாம், இடுப்பைத் தடவிக் காட்டினார். அடுத்த கிழமையிலிருந்து அவர் எங்கள் நோயாளி.

இப்படிச் சிரிப்பாய்ப் போன காலத்தில்தான் சூசை அண்ணன் வந்தார்.

அவரை எனக்கு எங்கள் வேதக்கோயில் பூசையில் கண்டு பழக்கம். துறைமுகத்தில் பாரம் இறக்கும் வேலை செய்தவர், நல்ல உயரம், வாசகம் வாசித்தால் கடைசி வாங்கில் இருக்கிறவருக்கும் கேட்கும். வேலையில் ஒருநாள் கயிறு இழுபட்டு, கயிற்றோடு வலக்கையும் கப்பியில் சிக்கியது. முழங்கைக்குச் சற்று மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது. புண் ஆறி ஒரு வருஷத்துக்கு மேலாகியும் நோ ஆறவில்லை. மனைவி திரேசா அக்கா கூட்டிவந்தார். நீளக் கைச் சட்டை. வெறுமையான சட்டைக் கையை மேலே மடித்து ஊக்குக் குத்தியிருந்தது.

"ராவெல்லாம் தூங்குறதில்ல டொக்டர். கத்துறாரு. பக்கத்து வீட்டுக்காரங்க..." என்று திரேசா அக்கா தொடங்கினார்.

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா. அவர் கதைக்கட்டும்."

அவர் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "கை போனதுக்கு நான் அழல டொக்டர். போன கை போகாம நிக்குதே, அதுதான்."

"எங்க நிக்குது?"

"இங்கதான்." இடக்கையால் தன் வலப்பக்கத்து வெற்றிடத்தைக் காட்டினார். "கயிற பிடிச்சபடி நிக்குது. அன்னைக்குப் பிடிச்சது, இன்னும் விடல. நகம் உள்ளங்கையில ஏறுது. விடு விடுங்கிறன், விட மாட்டேங்குது."

வெட்டி எடுத்த உறுப்பு நோவது வைத்தியத்தில் புதினமில்லை. உடம்பில் கை போனாலும் மூளைக்குள் கை இருக்கிறது என்று டொக்டர் பிறகு எனக்கு விளக்கினார். ஆனால் அன்று எனக்கு வைத்தியம் ஒன்றும் தோன்றவில்லை. அந்த மனிதனின் இல்லாத விரல்களை என் கண் தேடியது.

"இப்ப ஏன் வந்தனீங்கள்? ஒரு வருஷம் பொறுத்தவர் இன்னும் பொறுக்கலாமே" என்று டொக்டர் கேட்டார். கேட்பதில் இரக்கமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் உண்மையான பதில் அப்படிக் கேட்டால்தான் வரும்.

பதிலைத் திரேசா அக்காதான் சொன்னார், அழுதுகொண்டு. மகள் முழுகாமல் இருக்கிறாள், இவர்களோடுதான் இருக்கிறாள், அடுத்த மாதம் பிள்ளை பிறந்துவிடும். பிள்ளை வீட்டுக்கு வருகிற அன்று தான் தெஹிவளையில் தம்பி வீட்டுக்குப் போய்விடுவதாக இவர் சொல்லிவிட்டார்.

"அது சொல்லாம கொள்ளாம வரும் டொக்டர்" என்றார் சூசை அண்ணன். "வந்தா உடம்பே தூக்கிப் போடும். போன கிழம கேத்தலத் தூக்கினன். வந்திருச்சு. கேத்தல் பறந்து சுவத்துல அடிச்சிச்சு. அது கேத்தல். நாளைக்கு என் கையில பிள்ள இருந்தா?"

எங்கள் அறையில் எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள். அவர் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"மாறும் எண்டு சொல்ல மாட்டன்" என்றார் டொக்டர். "முயற்சி செய்வம். சரிவராட்டி அதையும் நேரா உங்களுக்குச் சொல்லுவன்."

வலப்பக்க நோவுக்கு இடப்பக்கத்தில் ஊசி போடுவது பழைய முறை. எந்த இடத்தில் நோகிறதோ, அதே இடத்தை மற்றப் பக்கத்தில் தேடுவது. அவருடைய இடக்கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள சதையில் ஒன்று, மணிக்கட்டின் உட்பக்கம் ஒன்று, முழங்கை மடிப்பில் ஒன்று, பிறகு காதில். வலப்பக்கத்தில் தோள் மட்டும். கை கிடக்க வேண்டிய வெறுமையான இடத்தில் ஒரு துவாயை, முகம் துடைக்கிற துண்டை, நீளமாக மடித்து வைப்போம், தோள் சாயாமல் இருக்க.

அவர் கண்ணை மூடமாட்டார். மற்றவர்கள் ஊசி என்றதும் கண்ணை இறுக்கிக்கொள்வார்கள். இவர் தலைக்கு மேல் பாரம் தொங்குகிற இடத்தில் வேலை செய்த மனிதர். எங்கள் கை போகிற இடமெல்லாம் அவர் கண்ணும் போகும். ஊசி இறங்கினதும் டொக்டர் காத்திருப்பார். மற்றவர்களுக்கு வருகிற சொல் இவருக்கு வராது.

"எப்பிடி இருக்கு?"

"மூடியே இருக்குது."

முதலில் கொஞ்சம் நித்திரை வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. பிள்ளை பிறந்தது, ஆண் பிள்ளை. சூசை அண்ணன் சொன்னபடியே தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். பின்னேரத்தில் கொட்டாஞ்சேனைக்கு வந்து, அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பவும் பஸ் ஏறிவிடுவாராம். "வாசப்படியத் தாண்ட மாட்டேங்கிறாரு மிஸ்ஸி. நிலையப் பிடிச்சிக்கிட்டே பாக்குறாரு" என்று திரேசா அக்கா கோயிலில் வைத்து என்னிடம் சொன்னார். ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பூசை முடிந்து வந்ததும் குழந்தையை முதலில் தாத்தாவின் கையில்தான் கொடுப்பார்கள்.

ஞானஸ்நானத்துக்கு முன்னம், கிளினிக்கில் ஒரு நாள், நல்ல மழை. நோயாளிகள் விறாந்தை நிறைய. சூசை அண்ணன் தனியாக வந்திருந்தார். இன்றைக்குச் சரிவராவிட்டால் அவரிடம் நேராகச் சொல்லிவிடப் போவதாக டொக்டர் காலையிலேயே எனக்குச் சொல்லியிருந்தார். எனக்கு மனம் ஒரு இடத்தில் இல்லை. ஸ்பிரிட் பஞ்சை எடுத்தேன், இடக்கையைத் துடைத்தேன். இங்கேதான் எங்கள் தொழில்காரர் மட்டும் விடக்கூடிய பிழை ஒன்றை விட்டேன்.

உடம்புக்கு இரண்டு பக்கம். எந்த இடமானாலும் இடம் துடைத்தால் வலமும் துடைப்போம். பழகின கைக்கு மூளை தேவையில்லை, அதுவே போகும். இத்தனை நாளும் சூசை அண்ணனுக்கு மட்டும் என் கையை நானே பிடித்து நிறுத்தியிருந்தேன். அன்று நிறுத்த மறந்துவிட்டேன். கை தன்பாட்டில் வலப்பக்கம் போய், மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் துவாயைத் துடைத்துவிட்டது.

துவாயில் ஈரம் படிந்த பிறகுதான் கண்டேன். என் உயிரே போய்விட்டது. கை இழந்த மனிதனின் முன்னால் இதைவிடக் கேவலமாக ஒருத்தி என்ன செய்ய முடியும்? நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து டொக்டரைப் பார்த்தேன். டொக்டர் என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குளிருது" என்றார் சூசை அண்ணன்.

நான் பஞ்சைச் சட்டென்று விலக்கினேன்.

"மணிக்கட்டுல... குளிருது டொக்டர்." அவர் கண் துவாயின் ஈரத்திலேயே இருந்தது. அந்தக் கையிலிருந்து அந்த ஒரு வருஷமாக நோவைத் தவிர வேறொன்றும் வந்ததில்லை.

அப்போது பார்த்து யன்னல் கண்ணாடி நடுங்கத் தொடங்கியது. டொக்டர் ஊசியை உயர்த்திக்கொண்டு, அவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்தார். "கோச்சி போகட்டும்" என்றார். பிறகு கண்ணால் எனக்கு வலப்பக்கத்தைக் காட்டினார். நீர் அந்தக் கையைப் பிடியும் என்று அர்த்தம்.

எப்படிப் பிடிப்பது? எதைப் பிடிப்பது? துவாயில், ஈரமான இடத்துக்கு மேல், ஒரு மணிக்கட்டின் கனத்துக்கு இடம் விட்டு என் விரல்களை வளைத்து வைத்தேன். கோச்சி போனது. அவ்வளவு நீளமான கோச்சியை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அன்றைக்கு டொக்டர் கறியைப் பற்றிக் கேட்கவில்லை.

சத்தம் அடங்கியது. டொக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, முக்காலியை இழுத்து அவருக்கு முன்னால் இருந்தார்.

"சூசை, அங்க கை இல்லை. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"தெரியும் டொக்டர்."

"ஆனா குளிர் இருக்கு."

"இருக்குது."

"கண் கண்டதைக் கை கேட்டிருக்கு, அவ்வளவுதான். அதிசயம் ஒண்டும் இல்லை. இருக்கிறதை வச்சு வேலை செய்வம்." என் பக்கம் திரும்பினார். "சுண்டு விரல்ல இருந்து துடையும், பிலோமினா."

எங்கள் கிளினிக்கின் எந்தப் பாடத்திலும் இல்லாத வேலை அது. இடக்கையில் டொக்டர் ஊசியைப் போடுவார். நான் ஈரப் பஞ்சால் துவாயின்மேல், சுண்டு விரல் இருக்க வேண்டிய இடத்தில், அடியிலிருந்து நுனிக்கு மெல்ல இழுப்பேன். அதே நேரம் அவர் தன் இடக்கையின் சுண்டு விரலை நீட்ட வேண்டும், என் பஞ்சைப் பார்த்தபடி. பிறகு மோதிர விரல். நடு விரல். தோளிலிருந்து வியர்வை ஊற்றும் அந்த மனிதனுக்கு. அரைக் கட்டடத்தைத் தூக்குகிற மாதிரி மூச்சு வாங்குவார். எனக்கும் வியர்க்கும். விறாந்தையில் இருந்து எட்டிப் பார்த்த ஒரு அம்மா, "மிஸ்ஸி ஏன் துவாயைத் துடைச்சுக்கொண்டு நிக்கிறா?" என்று பக்கத்தில் கேட்டது எனக்குக் கேட்டது. கேட்கட்டும்.

முதலில் கயிற்றை விட்டது சுண்டு விரல் என்றுதான் எனக்கு நினைவு. இந்தக் கட்டுரையைப் போன ஞாயிறு டொக்டருக்கு வாசித்துக் காட்டினேன். வெள்ளவத்தையில் மகனோடு இருக்கிறார், காது அவ்வளவாகக் கேட்காது, கத்தித்தான் வாசிக்க வேண்டும். இந்த இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். "சுண்டு விரல் இல்லை. மோதிர விரல்" என்றார். நான் சுண்டு விரல்தான் என்றேன். "நீர் துடைச்சனீர். நான் அவரின்ர முகத்தைப் பாத்தனான்" என்றார். சரி, அவர் சொன்னபடியே இருக்கட்டும். பெரிய மனுஷியோடு விரலுக்குச் சண்டை பிடித்து என்ன காணப் போகிறேன்?

கடைசியாக நின்றது பெருவிரல். கயிற்றை அதுதான் பூட்டி வைத்திருந்தது போல. மூன்று கிழமையாக மற்ற நாலும் நீளும், இது மட்டும் மடங்கியே நிற்கும். ஒரு நாள் பஞ்சை இழுத்துக்கொண்டு போகும்போது அவர் மூச்சு நின்றது. என்ன ஆயிற்றோ என்று நானும் நிறுத்திவிட்டேன்.

"விட்டுட்டன்" என்றார். "கயிற விட்டுட்டன் மிஸ்ஸி."

பிறகு அழுதார். முதல் நாள் அழாமல் வைத்திருந்ததெல்லாம் அன்றைக்கு வந்தது, வாசகம் வாசிக்கிற அந்தப் பெரிய குரலில். டொக்டர் எழும்பிப் போய்க் கை கழுவினார். கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி வெகுநேரம் நின்றார். நான் மறைக்கவில்லை. ஸ்பிரிட் பஞ்சால் கண்ணைத் துடைக்கப் போய், எரிவில் இன்னும் கூட அழுதேன்.

முற்றாக மாறியது என்று எழுதினால் டொக்டர் என்னை 'நீர்' போட்டு ஏசுவார். மாறவில்லை. மழை நாட்களில் வந்தது. உடம்பு களைத்தால் வந்தது. ஆனால் வரும்போது எப்படித் திறப்பது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் தம்பி வீட்டிலிருந்து திரும்பி வந்தார். திரேசா அக்கா வீட்டில் சாப்பாட்டு மேசையில், அவருடைய கை இருக்கிற இடத்தில், ஈரத் துணியால் விரல் விரலாகத் துடைத்துவிடுவாராம். இருபத்தைந்து வருஷக் கல்யாணத்தில் புருஷனின் கையை இவ்வளவு நேரம் பிடித்ததில்லை என்று சொல்லிச் சிரித்தார். எனக்குப் பார்த்தால் வெட்கப்பட்ட மாதிரியும் இருந்தது.

ஞானஸ்நானத்துக்கு டொக்டரும் வந்திருந்தார். சைவக்காரி, எப்போது எழும்புவது எப்போது இருப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்துப் பார்த்து எழும்பினார், இருந்தார். பூசை முடிந்து கோயில் முற்றத்துக்கு வந்தோம். சூசை அண்ணன் வெள்ளை நீளக் கைச் சட்டை போட்டிருந்தார். சட்டையின் வலது கையை மடித்து ஊக்குக் குத்தவில்லை. அது அப்படியே தொங்கியது. "குத்தி விடவா?" என்று திரேசா அக்கா கேட்டதற்கு, "வேணாம், கிடக்கட்டும்" என்றாராம்.

ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார்கள். அவர் இருந்தார். மகள் பிள்ளையைக் கொண்டுவந்து அவருடைய இடக்கை மடிப்பில் வைத்தாள். வைத்துவிட்டுக் கையை எடுக்கவில்லை, கீழே ஏந்தியபடியே நின்றாள். குற்றம் சொல்ல முடியாது. நானும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டுதான் நின்றேன், பந்து பிடிக்க நிற்கிறவள் மாதிரி. டொக்டர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"எடு மகள், கைய எடு. நான் வச்சிருக்கிறன்" என்றார் சூசை அண்ணன்.

அவள் எடுத்தாள்.

பிள்ளை கொட்டாவி விட்டது. காலை உதைத்தது. கையை வீசியது. வீசின கையில் அந்த வெறும் சட்டைக் கையின் நுனி அகப்பட்டது. பிள்ளைகள் அகப்பட்டதை விடுவார்களா? சின்ன முஷ்டிக்குள் துணியைச் சுருட்டி இறுக்கிப் பிடித்து இழுத்தது. சூசை அண்ணனின் உடம்பு அசையாமல் நின்றுவிட்டது. திரேசா அக்கா ஓடிவந்து குனிந்து, பிள்ளையின் விரல்களைப் பிரிக்கப் போனார்.

"நோவுதா? வந்திருச்சா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். கண் அந்தச் சின்ன முஷ்டியிலேயே இருந்தது.

"இறுக்கிப் பிடிக்கிறான்" என்றார். "நோவல. விடு திரேசா, பிரிக்காத. பிடிச்சிக்கிட்டு இருக்கட்டும்."